தலை எண்ணுதல்

மார்ச் கடைசி. டுலூத்.
ஏரி இன்னும் வாய் திறக்கவில்லை.
நிலவறையில், சலவை எந்திரத்துக்கும்
வெர்னரின் தூண்டில்களுக்கும் நடுவே
கழற்றிப்போட்ட பழைய கதவு ஒன்று.
அதன்மேல் என் தோட்டம்:
இரண்டு தட்டு, தட்டுக்கு முப்பத்தாறு குழி.

தக்காளி விதைக்கு மெல்லிய ரோமம் உண்டு,
பார்த்திருக்கிறீர்களா?
விரலோடு ஒட்டிக்கொண்டே வரும்,
இறங்க மனமில்லாத பிள்ளைபோல.
ஊசிமுனையால் தள்ளி இறக்கினேன்.
குழிக்கு மூன்று என்றது பொட்டலம்.
ஒன்று பொய்த்தால் ஒன்று,
அதுவும் பொய்த்தால் இன்னொன்று.

எதுவும் பொய்க்கவில்லை.

ஆறாம் நாள் மண் லேசாக விம்மியது.
ஏழாம் நாள் கொக்கிகள், கூன் முதுகுகள்,
விதைத்தோலைத் தொப்பியாக
இன்னும் கழற்றாதவை சில.
குழல்விளக்கைச் சங்கிலியில் இரண்டு கண்ணி இறக்கினேன்.
வெர்னர் படிக்கட்டில் நின்று
மின்கட்டணத்தை உரக்க வாசித்தான்.

ஒரு பிழை செய்தேன்.
பெயர்க்குச்சிகளில் மையால் எழுதியிருந்தேன்.
அடியிலிருந்து ஊட்டிய தண்ணீர் மேலேறி
எழுத்துகளைக் குடித்துவிட்டது.
விளையும் பயிர் முளையிலே தெரியுமாம்.
எனக்குத் தெரியவில்லை.
முட்டைக்கோஸுக்கு இதய வடிவில் முதலிலை, அது போகட்டும்.
மற்றதெல்லாம் ஒரே இரட்டை இலை, ஒரே பச்சை.
இலையை நசுக்கி விரலை முகர்ந்தேன்:
நாறியது தக்காளி. நாறாதது மிளகாய்.
ஆனால் எந்தத் தக்காளி?
மஞ்சளா, கறுஞ்சிவப்பா, கோலிக்குண்டா, கைப்பிடியா?
மணம் அவ்வளவு தூரம் சொல்லவில்லை.

பிறகு அந்தப் புதன்கிழமை வந்தது.
குழிக்கு ஒன்றை நிறுத்தி
மற்ற இரண்டையும் வெட்ட வேண்டும்.
பிடுங்கக் கூடாதாம்,
அடியில் வேர்கள் கைகோத்திருக்குமாம்.
வெர்னர் தன் நகக்கத்தரியைக் கழுவித் தந்தான்.

இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
கடைசி நிறுத்தம் தாண்டியதும்
பின்னிருக்கை வரை நடந்து,
குனிந்து, அடியிலும் பார்த்து,
யாரும் தூங்கிப்போய் மிஞ்சவில்லை என்று
உறுதி செய்துவிட்டே விளக்கை அணைப்பேன்.
நாற்பத்தொன்று ஏறினால்
நாற்பத்தொன்று இறங்க வேண்டும்.

கத்தரியைத் திறந்தேன்.
மூன்றில் எது மெலிந்தது?
மெலிந்தது என்று நான் குறித்ததே
மறுநாள் நிமிர்ந்து நின்றது.

வெட்டவில்லை.
சாப்பாட்டுக் கரண்டியின் காம்பால் பிரித்தேன்,
மூன்று மாலை, நள்ளிரவு வரை.
தயிர்க் கிண்ணம், காகிதக் கோப்பை,
பால் அட்டைப்பெட்டி, வெர்னரின் ஆணி டப்பாக்கள்.
இருநூற்று மூன்று.
அடித்தண்டு கறுத்து ஒரே இரவில் சாய்ந்தவை பத்தொன்பது.
அவற்றுக்கு நான் எதுவும் செய்ய முடியவில்லை.

மே மாதம் முழுக்கத் தூக்கினேன்.
முதல் நாள் ஒரு மணி நேரம் வெளியே,
மறுநாள் இரண்டு,
காற்றடித்தால் உள்ளே, மாலையில் உள்ளே.
முழங்கால் முனகியது.
ஒருநாள் மறந்து போனேன்;
பாதி இலைகள் வெயிலில் காகிதமாக வெளுத்தன.
ஜூன் இரண்டாம் தேதி இரவு பனி விழும் என்றார்கள்.
நட்டவற்றுக்கெல்லாம் படுக்கை விரிப்பு, மேசைத் துணி,
அதுவும் போதாமல் வெர்னரின் வேலைச் சட்டைகள்.
காலையில் தோட்டம் முழுக்க
ஆட்கள் மண்டியிட்டிருப்பதுபோல் இருந்தது.

பள்ளி முடியும் நாள்.
நடவு போக மிஞ்சிய கோப்பைகளை
முன்னிருக்கைகளில் அடுக்கினேன்.
இறங்கும் ஒவ்வொரு கைக்கும் ஒன்று.
ஏழு வயது ஆன்ஸல் படியில் நின்றுவிட்டான்:
"இது என்ன நிறத்தில் காய்க்கும்?"
"தெரியாது. அதுவே சொல்லும்."
பின்னால் கார்கள் வரிசையாக நின்றிருந்தன.
அவன் அவசரப்படவில்லை.

செப்டம்பர். முதல் நாள்.
மூடிய கையோடு ஏறினான்.
என் முகத்தருகே நீட்டித் திறந்தான்:
நெல்லிக்காய் அளவில், கல்லாக, பச்சையாக ஒன்று.

"இன்னும் சொல்லவில்லை,"
என்று கையை மூடிக்கொண்டு
தன் இருக்கைக்குப் போனான்.

முப்பத்தெட்டு, என்று எண்ணினேன்.